பாண்டுக் குழுவுக்குச் சிறிய டியூபாவைத் தேர்ந்தெடுத்தல்

பாண்டு வாத்தியக் குழுவில் கண்ணுக்கு முதலில் தெரிவது டியூபா. வாங்க வேண்டியவற்றின் பட்டியலில் கடைசியாக எழுதப்படுவதும் அதுவே. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பறைகளும் வாங்கிய பின் எஞ்சும் தொகைக்கு ஒரு பாஸ் வாத்தியம் தேடுவதும், கிடைத்ததை வகுப்பிலேயே மிக உயரமான மாணவனிடம் ஒப்படைப்பதும் பல பள்ளிகளில் வழக்கம். அம்மாணவன் படிப்பை முடித்துச் சென்றதும் வாத்தியத்தைத் தூக்க ஆள் இராது. பத்துக் கிலோ எடையுள்ள பித்தளை, பெட்டியோடு சேர்ந்தால் பதினைந்துக்கும் மேல், இசையறையின் மூலையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அடித்தளச் சுரம் இல்லாத பாண்டின் நாதம் மெலிந்து ஒலிக்கும். அக்குறையை மறைக்கப் பெரும்பறையை ஓங்கி அடிப்பதைத் தவிர வேறு வழி தோன்றாது.

இதற்கு மாணவரின் உடல்வலுவைக் குறை கூறுவது எளிது. ஆயினும் பெரும்பாலும் குறை, வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்த முறையிலேயே உள்ளது. பாஸ் வாத்தியம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அதில் எவ்வளவு உண்மை உண்டு, எவ்வளவு இல்லை என்பதைப் பௌதிக முறையில் ஆராய்ந்து, பள்ளி, காவல்துறை, இளைஞர் மன்றம் ஆகியவற்றின் பாண்டுகளுக்கு ஏற்ற சிறிய டியூபாவைத் தெரிந்தெடுக்கும் வழியை இக்கட்டுரையில் காண்போம். டியூபா ஒருமுறை வாங்கினால் இருபது முப்பது ஆண்டுகள் உழைக்கும் பொருள். கோப்பில் கையெழுத்திடும் அலுவலர் ஒரே மாணவனுக்காக அன்றி, இன்னும் பள்ளியில் சேராத பல மாணவர்களுக்காகவும் முடிவு செய்கிறார்.

சிறிது, இலேசு, குறுகியது

“சிறிய டியூபா” என்னும் சொல்லில் மூன்று வேறு பொருள்கள் கலந்துகிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் விலைப்பட்டியலைப் படிப்பது வீண்.

முதலாவது, குழலின் நீளம். வாத்தியத்தின் சுருதியை நிர்ணயிப்பது இதுவே. சுருட்டி மடக்கப்பட்டுள்ள குழலை நேராக நீட்டினால் பி-பிளாட் டியூபா சுமார் 18 அடி, ஸி டியூபா 16 அடி, ஈ-பிளாட் டியூபா 13 அடி, எஃப் டியூபா 12 அடி இருக்கும். முதல் இரண்டையும் கான்ட்ராபாஸ் டியூபா என்றும், பின் இரண்டையும் பாஸ் டியூபா என்றும் கூறுவர்.

இரண்டாவது, குழலின் பருமன். ஒரே நீளமுள்ள இரு பி-பிளாட் டியூபாக்களில் ஒன்று மெலிந்தும் மற்றொன்று பருத்தும் இருக்கலாம். உற்பத்தியாளர்கள் இதனை 3/4, 4/4, 5/4, 6/4 எனக் குறிக்கிறார்கள். இவை பின்னங்கள்போல் தோன்றினாலும் கணிதப் பின்னங்கள் அல்ல. 3/4 வாத்தியத்தின் குழல், 4/4 வாத்தியத்தின் குழலில் முக்கால் பங்கு நீளம் என்று பொருளன்று. இரண்டின் நீளமும் சமமே. இக்குறியீட்டுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுத்திட்டமும் கிடையாது. ஒருவர் 4/4 என்பதை மற்றொருவர் 3/4 என்று விற்பதுண்டு. ஆகையால் குறியீட்டை நம்பாமல் வால்வுக் குழலின் உள்விட்டத்தையும், விரிவாயின் விட்டத்தையும், எடையையும் எண்களில் கேட்டு வாங்க வேண்டும். நாகசுரத்தின் அணசு போல விரிந்து நிற்கும் அவ்வாய், சிறிய டியூபாக்களில் 35 முதல் 40 சென்டிமீட்டர் வரையிலும், பெரியவற்றில் 50 சென்டிமீட்டர் அளவிலும் இருக்கும்.

மூன்றாவது, எடை. இது முதல் இரண்டையும் மட்டும் பொறுத்ததன்று. தகட்டின் கனம், வால்வுகளின் எண்ணிக்கை, துணைக் குழாய்களின் அளவு ஆகியவையும் எடையைக் கூட்டும். நான்கு வால்வும் ஈடுசெய் குழாய்களும் உள்ள ஈ-பிளாட் டியூபா, மூன்று வால்வே உள்ள 3/4 பி-பிளாட் டியூபாவைவிடக் கனமாக இருப்பதைப் பலர் வாங்கிய பிறகே அறிகிறார்கள். சுருதியில் குறுகியது கையில் இலேசாகத்தான் இருக்கும் என்று கொள்ளலாகாது.

தோற்றமும் பெருக்கமும்

டியூபாவின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிவது நன்று. ஏனெனில் அது சிறியதாகவே பிறந்தது. 1835ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், பிரஷ்யாவின் இராணுவ இசைத் தலைவராயிருந்த வில்ஹெல்ம் வீப்ரெஷ்ட்டும், பெர்லினில் வாத்தியங்கள் செய்துவந்த யோஹான் மோரிட்ஸும் காப்புரிமை பெற்ற முதல் பாஸ் டியூபா, ஐந்து வால்வுகளைக் கொண்ட எஃப் சுருதி வாத்தியம். அதற்கு முன் இராணுவ பாண்டுகளின் பாஸ் பகுதியை வாசித்தவை ஸர்ப்பென்ட், ஆஃபிக்ளைட் என்ற துளைவாத்தியங்கள். வால்வுக்கு முன்னைய காலத்தில் குழலின் பக்கத்தில் துளையிட்டே சுரங்களை மாற்றினர். பருத்த குழலில் அவ்வழி நல்ல நாதத்தைத் தரவில்லை.

பின்னர் திறந்தவெளி அணிவகுப்புகளும் பெரிய அரங்குகளும் டியூபாவைப் பெருக்கவைத்தன. அமெரிக்காவில் ஆர்னால்டு ஜேக்கப்ஸ் என்னும் கலைஞர் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் 1944 முதல் 1988 வரை முதன்மை டியூபா வாசித்தார். அவர் கையிலிருந்த யார்க் நிறுவனத்தின் மிகப் பெரிய ஸி டியூபாவின் நாதம் உலகப் புகழ் பெற்றது. அதைப் பின்பற்றி 6/4 அளவுள்ள வாத்தியங்களைச் செய்யவும் வாங்கவும் பலர் முற்பட்டனர். ஜேக்கப்ஸின் மூச்சுப் பயிற்சியை விலைக்கு வாங்க இயலாது, வாத்தியத்தை வாங்கலாம். அம்மோகத்தின் இரகசியம் இவ்வளவே.

இதற்கு நேர்மாறான வழக்கம் பிரான்சில் நிலவியது. அங்கு இசைக்குழுக்களில் நெடுங்காலம் பயன்பட்டது ஆறு வால்வுகளுள்ள சிறிய ஸி டியூபா. அதன் குழல் எட்டு அடியே. யூஃபோனியத்தைவிட ஒரு முழுச் சுரம்தான் உயர்ந்தது, அதாவது இன்னும் சற்றுக் குறுகியது. முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சியில் ஓவியங்கள்’ என்னும் பியானோ இசையை ராவெல் 1922இல் முழு இசைக்குழுவுக்கு அமைத்தபோது, மாட்டுவண்டியைக் குறிக்கும் பகுதியின் தனி இசையை இச்சிறிய டியூபாவை மனத்தில் கொண்டே எழுதினார். நூறு பேர் கொண்ட இசைக்குழுவுக்கு அது போதுமானதாயிருந்தது.

சிறிய குழலிலிருந்து தாழ்ந்த சுரம் எவ்வாறு கேட்கிறது?

நாற்பது பேர் கொண்ட பள்ளி பாண்டுக்குச் சிறிய வாத்தியம் போதுமா என்னும் வினாவுக்கு விடை நம் செவியின் இயல்பிலேயே உள்ளது.

டியூபாவில் ஒரு சுரத்தை ஊதும்போது ஒரே அதிர்வெண் மட்டும் எழுவதில்லை. வினாடிக்கு 58 அதிர்வுகள் கொண்ட பி-பிளாட் சுரத்தை எடுத்துக்கொள்வோம். பாண்டு இசையில் டியூபாவுக்கு அடிக்கடி வரும் தாழ்ந்த சுரம் இது. அத்துடன் 116, 175, 233, 291 என்று அதன் மடங்குகளான மேற்சுரங்களும் சேர்ந்தே எழுகின்றன. மிகத் தாழ்ந்த சுரங்களில் அடிப்படை அதிர்வு வலுக் குறைந்தும், இரண்டாம் மூன்றாம் நான்காம் மேற்சுரங்கள் வலுமிகுந்தும் இருப்பது டியூபாவில் சாதாரணம். ஆயினும் கேட்போர் அதை உயர்ந்த சுரமாக உணர்வதில்லை. மேற்சுரங்கள் யாவும் 58இன் மடங்குகளாக இருப்பதைக் கொண்டு செவியும் மூளையும் அடிப்படைச் சுரத்தைத் தாமே நிரப்பிக்கொள்கின்றன. சிறிய வானொலிப் பெட்டியின் உள்ளங்கையளவுள்ள ஒலிபெருக்கி 58 அதிர்வுகளை ஏறக்குறைய எழுப்புவதே இல்லை. எனினும் அதில் ஆண்குரலும் மிருதங்கத்தின் தொப்பியும் தாழ்ந்தே கேட்கின்றன அல்லவா? காரணம் இதுவே.

ஆதலால் மெலிந்த குழலுடைய டியூபா பாஸ் சுரத்தைத் தராது என்பது பொருந்தாது. அது தரும் சுரத்தின் நிறம் மட்டும் வேறுபடும். பருத்த குழலில் அடிப்படை அதிர்வு ஓங்கி, நாதம் உருண்டு, பரந்து கேட்கும். மெலிந்த குழலில் மேற்சுரங்கள் சற்று ஓங்குவதால் சுரத்தின் எல்லை தெளிவாக இருக்கும். நல்ல தாளக்கட்டுடன் நடைபோடும் அணிவகுப்பு இசைக்கு இத்தெளிவு ஒரு குணமே என்பது என் அபிப்பிராயம். இளம் மாணவர் வாசிக்கும் பெரிய டியூபாக்கள் நான்கு சேர்ந்து எழுப்பும் மந்தமான முழக்கத்தில், எந்தச் சுரம் சரி எது தவறு என்று ஆசிரியராலேயே சொல்ல முடியாமற்போவதுண்டு.

விரிவாயின் அகலத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. 58 அதிர்வுகளுள்ள ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 6 மீட்டர். அதன் எதிரே 40 சென்டிமீட்டர் வாயும் 50 சென்டிமீட்டர் வாயும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டிலிருந்தும் அவ்வொலி எல்லாத் திசைகளிலும் பரவும். சுமார் 300 அதிர்வுகளுக்கு மேற்பட்ட பகுதிகளே வாய் நோக்கிய திசையில் குவிகின்றன. ஆகவே வாயின் அகலத்துக்குப் பணம் செலவழிப்பதைக் காட்டிலும், வாசிப்பவரைச் சுண்ணாம்புச் சுவர் போன்ற கெட்டியான பின்சுவரின் அருகே அமர்த்துவது பாஸ் ஒலியை அதிகமாக வலுப்படுத்தும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

சுவரே இல்லாத விளையாட்டுத் திடலில் நிலைமை வேறு. எதிரொலி இல்லாததால் சிறிய டியூபாவின் நாதம் சிறிது தூரத்திலேயே தேய்ந்துவிடும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அங்கு ஒரு பெரிய வாத்தியத்துக்குப் பதில் இரண்டு சிறியவற்றை வைத்துக்கொள்ளலாம். ஒரே வலுவுள்ள இரண்டு சேர்ந்தால் 3 டெசிபெல் உயர்வு கிட்டும். அதைவிட முக்கியமான பயன், ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் சுரத்தைத் தாங்கிக்கொள்வது. ஹோல்ஸ்ட் 1909இல் இராணுவ பாண்டுக்கென எழுதிய ஈ-பிளாட் முதல் தொகுப்பு, யூஃபோனியமும் டியூபாவும் மட்டும் இசைக்கும் நீண்ட சொற்றொடருடன் தொடங்குகிறது. மூச்சு நடுவில் அறுந்தால் அங்கு மறைத்துக்கொள்ள வேறு வாத்தியம் இல்லை.

வால்வுகளின் கணக்கு

சிறிய டியூபா வாங்குவோர் ஏமாறும் இடம் வால்வுகளே. இதை ஆசிரியர்கள் சற்றுப் பொறுமையுடன் பின்தொடர வேண்டும்.

குழலின் நீளத்தை 100 பங்கு என்று கொள்வோம். அரைச் சுரம் தாழ்த்துவதற்குக் குழல் 5.95 பங்கு நீள வேண்டும். இது இரண்டாம் வால்வின் வேலை. முதல் வால்வு முழுச் சுரம் தாழ்த்தும், 12.25 பங்கு. மூன்றாம் வால்வு ஒன்றரைச் சுரம், 18.92 பங்கு. முதலும் மூன்றும் சேர்ந்தால் இரண்டரைச் சுரம் தாழ வேண்டும். கூட்டினால் கிடைப்பது 31.17, தேவையோ 33.48. மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் கிடைப்பது 37.12, தேவை 41.42. குழல் நீள நீள, அடுத்த அரைச் சுரத்துக்கு வேண்டிய நீளமும் விகிதப்படி கூடுகிறது; வால்வுக் குழாய்களோ தம் பழைய நீளத்திலேயே நிற்கின்றன. அதனால் இச்சுரங்கள் உயர்ந்து ஒலிக்கும். அரைச் சுரத்தை நூறு சென்ட் எனப் பகுத்தால் முதற்பிழை 30 சென்ட், இரண்டாவது 53 சென்ட். அதாவது அரைச் சுரத்தில் பாதிக்கும் மேல். பதினெட்டு அடி டியூபாவில் இவ்விரண்டாம் பிழை 23 சென்டிமீட்டருக்கும் அதிகமான குழாய்க் குறைவு. மூன்றாம் வால்வின் குழாயைச் சற்று நீளமாகச் செய்து உற்பத்தியாளர்கள் இதைப் பங்கிட்டுக்கொள்வதுண்டு, முற்றிலும் போக்குவதில்லை.

நான்காம் வால்வு இக்குறைக்கு முதல் மருந்து. அதன் குழாய் தனியாகவே 33.48 பங்கு நீளமுள்ளது. ஆகையால் முதலும் மூன்றும் அழுத்த வேண்டிய இடத்தில் நான்கை மட்டும் அழுத்தினால் பிழை மறைகிறது. மூன்றையும் அழுத்த வேண்டிய இடத்தில் இரண்டையும் நான்கையும் அழுத்தினால் 53 சென்ட் பிழை 25 சென்டளவில் குறைகிறது. மீதியை மாணவன் உதட்டால் இறக்கிக்கொள்ளலாம்.

குறுகிய ஈ-பிளாட் டியூபாவில் இது இன்னும் கடுமையாகிறது. மூன்று வால்வு மட்டும் உள்ள ஈ-பிளாட் வாத்தியம், பி-பிளாட் டியூபா திறந்தபடியே ஊதும் தாழ்ந்த பி-பிளாட்டுக்குக் கீழே ஏ சுரத்தோடு நின்றுவிடும். அதன் கீழே உள்ள ஏ-பிளாட், ஜி, ஜி-பிளாட், எஃப், ஈ ஆகிய ஐந்தும் அதில் இல்லை. பாண்டு இசையில் எஃப் வரை இறங்குவது அபூர்வமன்று. நான்காம் வால்வு சேர்த்தாலும் முழுத் தீர்வு கிட்டாது. நான்கையும் ஒருங்கே அழுத்தினால் பெயரளவில் பதினோரு அரைச் சுரம் தாழ வேண்டும். நீளத்தைக் கூட்டிக் கணக்கிட்டால் தாழ்வது ஒன்பதே கால்தான். இதற்கென்றே இங்கிலாந்தில் டேவிட் பிளெய்க்லி 1874இல் ஈடுசெய் வால்வு முறையைக் கண்டுபிடித்தார். ஒரு வால்வோடு மற்றவை சேரும்போது மட்டும் காற்று இரண்டாம் முறையாகச் சிறிய துணைக் குழாய்களின் வழியே சென்று, குறைந்த நீளத்தை நிரப்பிக்கொள்ளும். மிகவும் நுட்பமான ஏற்பாடு. ஆயினும் துணைக் குழாய்களின் எடையும் விலையும் அதனோடு வருகின்றன.

இப்பிழையை வகுப்பில் செவியாலேயே கேட்கச் செய்யலாம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயில் 2 மீட்டர் வெட்டி, ஒரு முனையில் ட்ராம்போன் ஊதுவாயையும் மறுமுனையில் புனலையும் பொருத்துக. ஒரு சுரத்தை ஊதி, ஆர்மோனியத்தில் அதை அடையாளம் கண்டுகொள்க. பின் 67 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை இணைத்தால் சுரம் ஐந்து அரைச் சுரம் தாழும். நான்காம் வால்வின் வேலை இது. மேலும் ஒரு 67 சென்டிமீட்டர் துண்டை இணைத்தால் மறுபடியும் ஐந்து தாழுமா? தாழாது, ஏறக்குறைய நான்கே தாழும். ஐந்து தாழ வேண்டுமாயின் இரண்டாம் துண்டு 89 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஊதுவாயும் புனலும் சேர்வதால் எண்கள் சிறிது மாறும். வேறுபாடு தெளிவாகவே கேட்கும். எட்டாம் வகுப்பு மாணவர் விகிதக் கணக்கைச் செவியால் அறியும் அருமையான பரிசோதனை இது.

குழலின் நீளத்தைக் கொண்டு அதிர்வெண்ணைக் கணக்கிட முயலும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: பதினெட்டு அடியை 5.5 மீட்டர் என்று வைத்து, ஒலியின் வேகத்தை அதன் இரு மடங்கால் வகுத்தால் 31 வரும். உண்மையில் பி-பிளாட் டியூபாவின் அடிச்சுரம் 29. ஊதுவாயின் கிண்ணமும் விரிவாயும் காற்றுத் தம்பத்தை, அளவுநாடா காட்டுவதைவிடச் சற்று நீண்டதுபோல் இயங்கச் செய்கின்றன. கணக்குத் தவறென்று மாணவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

யாருக்கு எது?

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுள்ள மாணவருக்கு நான் சிபாரிசு செய்வது நான்கு வால்வுள்ள 3/4 பி-பிளாட் டியூபா. பணம் போதாவிடில் மூன்று வால்வு. நீளம் குறையாததால் தாழ்ந்த சுரம் ஒன்றும் இழப்பாவதில்லை. விரல் முறை பெரிய பி-பிளாட் டியூபாவின் முறையே. மாணவன் வளர்ந்து பெரிய வாத்தியத்துக்கு மாறும்போது மறுபடி கற்க வேண்டியது எதுவும் இல்லை. எடை பெரும்பாலும் ஆறு முதல் எட்டுக் கிலோவுக்குள் அமையும். பெரிய வாத்தியங்கள் பத்தைத் தாண்டும். அவ்வயதில் ஒரே மூச்சில் வெளிவிடக்கூடிய காற்று இரண்டரை மூன்று லிட்டர் அளவே. வளர்ந்தவரிடம் நான்கு ஐந்து லிட்டர் இருக்கும். தாழ்ந்த சுரத்தை உரக்க ஊதினால் அது சில வினாடிகளில் தீர்ந்துவிடும். அகன்ற குழலில் நிலையலை வலுப்பெற மேலும் காற்று வேண்டியிருப்பதால், சிறுவன் ஒவ்வொரு சுரத்துக்கும் மூச்சு வாங்கித் தலைசுற்றி அமர்ந்துவிடுவான். பிறகு தன் நெஞ்சே பலவீனம் என்று நம்பி வாத்தியத்தை விட்டுவிடுவான். சிறுமியரை டியூபாவின் பக்கமே அண்டவிடாத வழக்கத்துக்கும் இதுவே சாக்காகச் சொல்லப்படுகிறது. அளவுக்கேற்ற வாத்தியம் கையில் இருந்தால் அவர்கள் வாசிப்பதில் தடை ஒன்றும் இல்லை.

வயதாகி முதுகுவலியோ தோள்வலியோ வந்தபின்னும் பாண்டை விட மனமில்லாத காவல்துறை, இரயில்வே பாண்டுக் கலைஞருக்கு யோசனை வேறு. அவருக்கு உதடும் மூச்சும் பழகியவை, சுமையே தொல்லை. ஈடுசெய் வால்வுள்ள ஈ-பிளாட் டியூபாவை, தரையில் ஊன்றிய தாங்கியின் மேல் நிறுத்தி வாசிப்பது அவருக்கு நெடுநாள் கைகொடுக்கும். பிரிட்டிஷ் மரபை ஒட்டி வளர்ந்த நம் இராணுவ பாண்டுகளில் ஈ-பிளாட் பாஸ், பி-பிளாட் பாஸ் ஆகிய இரண்டும் பழக்கமானவை. மத்தியப் பிரதேசத்துப் பச்மடியில் 1950இல் நிறுவப்பட்ட இராணுவ இசைப் பயிற்சிப் பிரிவிலிருந்து வந்தவர்கள் அருகில் இருந்தால் ஈ-பிளாட் வாத்தியத்தைக் கற்பிக்க ஆள் தேட வேண்டியதில்லை. ஈ-பிளாட் டியூபா மேல் எட்டிலும் பி-பிளாட் டியூபா கீழ் எட்டிலும் ஒரே சுரத்தை இசைக்கும்போது நாதம் இரண்டு மடங்கு நிறைவாகக் கேட்பது, முன்னே சொன்ன மேற்சுரங்களின் ஒற்றுமையாலேயே.

ஈ-பிளாட் வாத்தியத்துக்கு மாறுவோரை மிரட்டுவது விரல் மாற்றம். இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. பாஸ் குறியீட்டில் எழுதிய இசைத்தாளை, ட்ரெபிள் குறியீட்டில் எழுதியதாகவே பாவித்து, தொடக்கக் குறிப்பில் மூன்று பிளாட்டுகளைக் குறைத்துக்கொண்டால் ஈ-பிளாட் வாத்தியத்துக்கு உரிய விரல்கள் தாமே அமையும். டிரம்பெட் வாசித்துப் பழகியவர் ஒரு மாதத்தில் பழகிவிடுவார். இடையே வரும் ஷார்ப், பிளாட் அடையாளங்களில் மட்டும் கவனம் வேண்டும்.

எஃப் டியூபா தனி இசைக்கும் சிறு குழுக்களுக்கும் அழகியது. வான் வில்லியம்ஸ் டியூபாவுக்கென எழுதி, 1954ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் லண்டனில் ஃபிலிப் கேட்டலினெட் முதன்முதல் வாசித்த கான்செர்ட்டோ, பாஸ் டியூபாவுக்கு உரியதே. எனினும் ஒரே பாஸ் வாத்தியத்தை நம்பியிருக்கும் பள்ளி பாண்டுக்கு எஃப் டியூபா பொருந்தாது. தாழ்ந்த சுரங்களில் அதற்குத் தேர்ந்த கலைஞர் வேண்டும். ஸி டியூபா அமெரிக்கச் சிம்பொனிக் குழுக்களின் வழக்கம். நம் நாட்டில் அதைக் கற்பிப்போர் அரியர், வாங்கிப் பயனில்லை. தோளில் சுற்றி மாட்டிக்கொள்ளும் சூஸஃபோன் நடந்துகொண்டே வாசிக்க ஏற்றதாயினும், பித்தளையில் செய்தது பெரும்பாலும் டியூபாவைவிடக் கனமானது. 1960களில் பரவிய கண்ணாடியிழைச் சூஸஃபோன்கள் எடையை வெகுவாகக் குறைத்தன. அண்மைக் காலத்தில் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் டியூபாக்களும் கிடைக்கின்றன. தொடக்கப் பயிற்சிக்கு இவற்றை ஒதுக்க வேண்டியதில்லை.

வாங்குமுன் அளந்து பார்க்க வேண்டியவை

வாத்தியத்தைக் கடையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. வாசிக்கப்போகும் மாணவரை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, பாதங்கள் தரையில் பதிந்திருக்க, தொடையின் மேற்பரப்பிலிருந்து உதடு வரையுள்ள உயரத்தை அளக்க வேண்டும். வாத்தியத்தின் அடிவளைவிலிருந்து ஊதுவாய் வரையுள்ள உயரம் இதைவிட அதிகமாயின் மாணவன் மோவாயை உயர்த்திக் கழுத்தை வளைத்தே ஊத முடியும், மூச்சுப்பாதை நெருங்கிவிடும். குறைவாயின் அவ்வளவு கேடில்லை. மடித்த துண்டு ஒன்றைத் தொடையில் இட்டால் போதும். மிகப் பெரிய வாத்தியமாயின் தொடையில் வைக்காமல் நாற்காலியின் விளிம்பிலோ தாங்கியிலோ நிறுத்த நேரும். வலக்கை வால்வுகளைத் தொடும்போது முழங்கை உடலோடு ஒட்டாமல் இயல்பாகத் தொங்க வேண்டும். இவ்வாறு இருபது நிமிடம் அமர்ந்து வாசித்தபின் இடத்தோள் உயர்ந்திருக்கிறதா என்று பின்னாலிருந்து பார்க்க. உயர்ந்திருந்தால், எடைக்கருவி என்ன காட்டினாலும் அவ்வாத்தியம் அவருக்குக் கனமானதே.

நம் கோடைக்கு ஏற்ப இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காற்று சூடாகும்போது ஒலியின் வேகம் டிகிரிக்கு 0.6 மீட்டர் வீதம் கூடுகிறது. சுருதியும் டிகிரிக்கு சுமார் 3 சென்ட் உயர்கிறது. குழலினுள் உள்ள காற்று முழுவதும் 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சென்றால் உயர்வு 57 சென்ட். மூச்சுக்காற்று எப்போதும் உள்ளே கலந்திருப்பதால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். டெல்லி விஜய் சௌக்கில் ஜனவரி 29ஆம் நாள் மாலைக் குளிரில் இசைக்கும் பாண்டையும், மே மாதத்தில் தகரக் கூரையின் கீழ் பயிலும் பாண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சுருதிக் குழாயை இழுத்தே இவ்வுயர்வை ஈடுசெய்ய வேண்டும். மடக்கிச் சுருக்கிய சிறிய டியூபாக்கள் சிலவற்றில் இக்குழாய் மிகக் குட்டையாக இருக்கும். 18 அடி வாத்தியத்தில் அது 9 சென்டிமீட்டராவது வெளிவருகிறதா என்று பார்த்துக்கொள்க. குழாய்க்கு இரு கால்கள் இருப்பதால் 9 இழுத்தால் 18 நீளும்.

பழைய வாத்தியமாயின் வால்வின் காற்றடைப்பைச் சோதிப்பது எளிது. வால்வை அழுத்தாமல் அதன் குழாயை மெல்ல இழுத்து, சில வினாடி பொறுத்துப் பின் வால்வை அழுத்தினால் ‘பட்’ என்ற ஒலி கேட்க வேண்டும். கேட்காவிடில் வால்வு தேய்ந்து காற்றுக் கசிகிறது. ஊதுவாயை அடுத்த குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தென்பட்டால் பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப்போகிறது என்று அறிக. வெளிப்பூச்சுப் பளபளப்பைக் கண்டு மயங்கலாகாது.

பழுதுபார்க்கும் வசதியையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். உத்தரப் பிரதேசத்து மீரட் நகரின் ஜாலி கோட்டிப் பகுதியில் தலைமுறைகளாகப் பாண்டு வாத்தியங்கள் செய்துவருகின்றனர். ஒடுக்கு எடுக்கவும் பற்றுவைக்கவும் தேர்ந்த கைகள் அங்கு உண்டு. எங்கே செய்த வாத்தியமாயினும், வாங்குமுன் ஒருவர் அதனருகே அமர்ந்து ஒவ்வொரு சுரத்தையும் சுருதிக் கருவியோடு ஒப்பிட்டு, எது எத்தனை சென்ட் உயர்வு தாழ்வு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். 15 சென்டுக்குள் அடங்கும் பிழைகள் உதட்டால் திருந்தும். முதல் வால்வு மட்டும் அழுத்தும் சுரமே 30 சென்ட் விலகினால் அவ்வாத்தியத்தை விட்டுவிடலாம். அத்தாளைப் பெட்டியின் மூடியில் உட்புறமாக ஒட்டிவைத்தால், அடுத்து வாசிக்க வரும் மாணவன் எந்தச் சுரத்தில் உதட்டை இறுக்குவது, எதில் தளர்த்துவது என்று முதல் நாளிலேயே அறிந்துகொள்வான்.